தடை தளர்ந்தால் தெய்வ ஆட்சி தளருமா?

கடவுளின் பேரால் நடக்கும் ஓர் ஆட்சியை வெளிநாட்டார் வியாபாரத் தடையால் நெருக்கிவிட்டுப் பின்பு அத்தடையைத் தளர்த்தினால், அந்நாட்டு அரசியலில் மாறுதல் உண்டாகுமா என்று பலர் விவாதிக்கின்றனர். இது ஈரான் தேசத்து விவகாரந்தானே என்று புதுக்கோட்டைத் தோழர்கள் அலட்சியமாயிருக்க வேண்டியதில்லை. தெய்வத்தின் பேரால் ஆளுவது என்றால் இன்னதென்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

தொண்டைமான் அரசர்கள் தங்களைப் பிரகதாம்பாளின் தாசர் என்றே சொல்லிக்கொண்டார்கள். சமஸ்தானத்தின் நாணயமும் அம்மன் காசே. இந்த ஆட்சியின்மீதும் வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரு தண்டனை செலுத்திற்று. 1915-ல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மோலி ஃபிங்க் அம்மையாரை மணந்ததும், அந்த விவாகத்தை அங்கீகரிக்க மறுத்து, பிள்ளைக்குப் பட்டமும் இல்லையென்றார்கள். அரசர் வெளிதேசம் போய் 1928-ல் பாரிஸில் இறந்தார். பலன் என்ன? ஆள் மாறினார், அம்மன் தாசர் ஆட்சி மாறவில்லை. ஏன்? தண்டித்தவர்கள் பிரஜைகளின் உரிமைக்காகத் தண்டிக்கவில்லை.

ஆனால் அதே அரசர் காலத்தில் ஒரு கதவு திறந்தது. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில், எதிர்ப்புக்கிடையே, முத்துலட்சுமி என்ற பெண் சேர்க்கப்பட்டார். அவரே 1912-ல் வைத்தியப் பட்டம் பெற்றுப் பின்னர் சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறையை எதிர்த்து மசோதா கொண்டுவந்தார். 1947-ல் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. தண்டனை அசைக்காததைப் படிப்பு அசைத்தது!

இனி ஈரானைப் பார்ப்போம். 2015-ல் அணுசக்தி ஒப்பந்தம் ஏற்பட்டு, 2016 ஜனவரியில் தடைகள் தளர்ந்தன. அடுத்த மாதமே நடந்த தேர்தலில் தெஹ்ரான் நகரின் 30 ஸ்தானங்களும் சமரசவாதிகளுக்கே கிடைத்தன. ஆகவே தளர்வினால் ஜனங்களுக்கு நம்பிக்கை பிறக்கும் என்பது மெய்யே. என்றாலும் தேர்தலில் யார் நிற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவலர் சபையிடமே இருந்தது. வரிச்சலுகை பெற்ற மத ஸ்தாபனங்களும் புரட்சிக் காவல் படையின் கம்பெனிகளும் வியாபாரத்தில் வேரூன்றியே இருந்தன. 2018 மே மாதம் அமெரிக்கா ஒப்பந்தத்தை முறித்துத் தடைகளைத் திரும்பப் போட்டது. சமரசம் பேசியவர்கள் தலைகுனிந்தார்கள். 2020 தேர்தலில் மதப் பிடிவாதக்காரர்கள் ஜெயித்தார்கள்.

"நெருக்கினால்தானே ஜனங்கள் கிளம்புவார்கள்?" என்று சிலர் கேட்கலாம். ஊரில் கடையடைப்பு வந்தால் முதலில் பட்டினி கிடப்பவன் கூலிக்காரனா, குதிர் நிறைய நெல் வைத்திருக்கும் மிராசுதாரா? 2022-ல் மாஷா அமினி என்ற இளம்பெண் முக்காட்டுச் சட்டத்தின் பேரால் பிடிபட்டு இறந்தபோது ஈரானியப் பெண்கள் வீதிக்கு வந்தது ரொட்டிக்காக அல்ல, மானத்திற்காக. நெருக்கடி அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆட்சி அவர்களை அடக்கிற்று.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி தடை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. யாருக்குத் தளர்வு என்பதே. மருந்து, புத்தகம், செய்தி, கல்வி, சிறு வியாபாரம் ஆகியவை ஜனங்களுக்குத் தாராளமாய்த் திறக்கப்பட வேண்டும். ஆளுவோரின் ஆயுதத்திற்கும் பொக்கிஷத்திற்கும் மட்டும் பூட்டு இருக்கட்டும். கொடுத்த வாக்கை நினைத்தபோது முறிப்பதும் கூடாது. இவ்வளவு செய்தாலும் வெளியார் கதவைத்தான் திறக்க முடியும். வெளியே நடக்கவேண்டியவர்கள் அந்நாட்டு ஜனங்களே.

நமக்கும் இதில் பாடமுண்டு. 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனுக்குள் வந்தது. சிம்மாசனம் போயிற்று. ஆனால் 2022 டிசம்பரில் அதே புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அய்யனார் கோயிலுக்குள் அவர்களைக் கலெக்டர் வந்து அழைத்துப்போக வேண்டியிருந்தது. அரசன் இறங்கிய பின்னும் ஜனங்கள் மனதில் தெய்வ ஆட்சி இறங்கவில்லையென்றால், ஈரானுக்குப் புத்தி சொல்லுமுன் நம் தெருவைப் பார்க்க வேண்டாமா?