செல்லுலார் ஜெயிலுக்கு டிக்கெட், சென்ட்ரல் ஜெயிலுக்குக் கடப்பாரை

லீவு விட்டா அந்தமான் போறது இப்ப எங்க செம்பரம்பாக்கம் வரைக்கும் வந்தாச்சு. போறவங்க குடும்பத்தோட செல்லுலார் ஜெயில்ல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்து, "என்னா கொடுமை சார்!"னு உருகுறாங்க. உருகட்டும், நல்லதுதான். ஆனா நம்மூரு ஜெயிலை என்ன பண்ணினோம் மக்களே?

ஜி.எச். பக்கத்துல 1837-லேர்ந்து நின்ன சென்னை மத்திய சிறை. அந்தமானுக்குக் கப்பல் ஏத்தவேண்டிய கைதிகளை அடைச்சு வெச்ச இடம். சுபாஷ் சந்திர போஸ் இருந்த இடம். எமர்ஜென்சியில மிசா கைதிகளை அடிச்சு நொறுக்கினதும் இங்கதான். 1996-ல ஜெயலலிதா, 2001-ல கருணாநிதின்னு ரெண்டு பேரையும் பார்த்த ஜெயில். 2006-ல கைதிகளைப் புழலுக்கு மாத்தினாங்க. 2009-ல மொத்தமும் தரைமட்டம். இடிச்சப்ப முதல்வரா இருந்தவர், உள்ளே இருந்துட்டு வந்த அதே கருணாநிதி!

இடிக்கிறதுக்கு முன்னாடி சில நாள் ஜனங்களை உள்ளே விட்டாங்க. புள்ளைகுட்டியோட கூட்டம் கூட்டமா வந்து பார்த்தாங்க. 'பழைய ஜெயிலை எவன்யா பார்ப்பான்'னு கேட்கிறவங்களுக்கு அதுவே பதில்.

"மெடிக்கல் காலேஜுக்கு இடம் வேணாமா?"ன்னு சண்டைக்கு வருவீங்க. வேணும் சாமி, தாராளமா கட்டுங்க. ஒரே ஒரு பிளாக்கை விட்டிருந்தா குடி முழுகிப் போயிருக்குமா? செல்லுலார் ஜெயில் வளாகத்துலயும் ஆஸ்பத்திரி இருக்கு. ஏழு பிரிவுல மிச்சம் மூணுதான். முன்னாள் கைதிகள் போராடினதால அதாவது தப்பிச்சு, 1979-ல தேசிய நினைவுச் சின்னமாச்சு. பெங்களூர்க்காரன் பழைய ஜெயிலை 2008-ல ஃப்ரீடம் பார்க்னு பூங்காவா மாத்தினான். காவல் கோபுரத்தை இடிக்கலை. நமக்குத்தான் எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சாகணும்.

போனது போச்சு. இப்ப கோவை மத்திய சிறையை ஊருக்கு வெளியே கொண்டுபோற திட்டம் இருக்கு. 1908-ல வ.உ.சி.யை அடைச்சு, மாட்டுக்குப் பதிலா செக்கிழுக்க வெச்ச ஜெயில் அது. செக்கை மட்டும் கண்ணாடிக்குள்ள வெச்சுட்டு, சுவரையெல்லாம் பேர்த்துட்டாங்கன்னா அந்தச் செக்கு வெறும் கல்லுதான். அவரை அடைச்ச அறைக்குள்ள நம்ம புள்ளைங்க ஒரு நிமிஷம் நின்னு பார்க்கணும். கோவைப் பதிவர்களே, கடப்பாரை வர்றதுக்கு முன்னாடி வாயைத் திறங்க. இடிச்சப்புறம் அஞ்சலிப் பதிவு போட நாம எல்லாரும் வருவோம், அதுல என்ன பிரயோஜனம்?