கதவு திறக்கும் வேளை

மாணவர்காள்! சிறு தொகைக்காக ஒருவர் நீதிமன்றம் ஏறுதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். அதனைக் கருமித்தனம் என்று இகழ்வாரும் உளர். யான் அவரோடு உடன்படேன்.

வானூர்திப் பயணிகளின் பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. ஊர்தி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ காலந்தாழ்ந்து சேரின் இழப்பீடு உண்டென, 2009-ஆம் ஆண்டில் லக்சம்பர்க்கு நகரத்து ஒன்றிய நீதிமன்றம் அச்சட்டத்திற்குப் பொருள் கண்டது. தவிர்க்கவொண்ணா இடையூறு நேரின் நிறுவனம் அவ்விழப்பீடு தரவேண்டுவதில்லை, அவ்விலக்கு நேரிதே.

2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆஸ்திரிய நாட்டுச் சால்சுபர்க்கினின்று செருமானிய நாட்டுக் கொலோன் நகருக்கு ஓர் ஊர்தி சென்றது. அதன் உருளைகள் தரையைத் தொட்டபோது காலத்தாழ்வு 2 மணி 58 நிமிடம். நிலையில் வந்து நின்றபோது 3 மணி 3 நிமிடம். தரை தொட்டதே வருகை, ஆதலின் தருவதற்கு ஒன்றுமில்லை என்றது நிறுவனம். பயணி ஒருவர் 250 யூரோ வேண்டி வழக்குத் தொடுத்தார். 'வருகை' என்னும் ஒரு சொல்லுக்குப் பொருள் யாது? சொற்பொருள் ஆராய்ந்தே தலைநரைத்த எனக்கு இவ்வழக்கு ஒரு விருந்தாகத் தோன்றிற்று!

சால்சுபர்க்கு மேல்முறையீட்டு மன்றம் ஐயுற்று அவ்வினாவை லக்சம்பர்க்குக்கு விடுத்தது. 2014-இல் விடை வந்தது. கதவுகளுள் ஒன்றேனும் திறந்து, பயணிகள் வெளியேறலாம் என்னும் வேளையே வருகை. அடைபட்ட இடத்தில் இருப்பவர் தம் அலுவலையும் சுற்றத்தையும் விரும்பியவாறு நாட இயலாதவர் அன்றோ? அற்பத் தொகையென்று அப்பயணி வாளா இருந்திருப்பின், அவ்வைந்து நிமிடமும் நிறுவனத்தின் கணக்கிலேயே நின்றிருக்கும்.