நிழலுக்கு ஒரு செடி

எமது பெற்றோர் பலர் வீட்டின் கோடிப்புறத்தைச் சீமெந்தினால் மூடி வருகின்றனர். வடக்கு நோக்கிய நிலம், வெயில் படாது, ஒன்றும் முளைக்காது என்பதே அவர்கள் கூறும் காரணம். இதனை நான் ஏற்க மாட்டேன். துளசியும் கறிவேப்பிலையும் அங்கு மடிந்தமை உண்மையே. ஆயின் அது நிலத்தின் குற்றமன்று. செடியைத் தெரிந்த எமது குற்றம்.

ஓக்கியூபா என்றொரு செடி உண்டு. பச்சை இலையிற் பொன்னிறப் புள்ளிகள் தெளித்தாற்போலிருக்கும். முதன்முதற் கண்டபோது எங்கள் ஊர் முற்றத்துக் குரோட்டன் என்றே எண்ணினேன். (உறவு ஏதுமில்லை.) யப்பானிலிருந்து 1783இல் இங்கிலாந்துக்கு வந்தது. வந்தவை பெண் செடிகளே. பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. றொபேட் போர்ச்சூன் என்பார் 1861இல் ஆண் செடியைக் கொணரும்வரை, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், அது இங்கு காய்க்கவேயில்லை. மாணவர்களே, அதன் செந்நிறப் பழத்தை வாயில் வையாதீர்கள், வயிற்றைக் கெடுக்கும்.

குரோட்டன் வெயிலில் நிறங்கொள்ளும். இதுவோ கடும் வெயிலில் இலை கருகும், நிழலிற் செழிக்கும், மாரியிலும் இலையுதிர்க்காது.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். மஞ்சட் புள்ளிகளிற் பச்சையம் குறைவு. ஆகவே முழுப்பச்சைக் கிளையொன்று தோன்றின், அது விரைந்து வளர்ந்து ஏனையவற்றை மூடிவிடும். நுனியைக் கிள்ளுதல் போதாது, அடியோடு வெட்டவேண்டும். சென்ற ஆண்டு, "பச்சைதானே, இருக்கட்டும்" என்று சோம்பியிருந்தேன். இவ்வாண்டு என் செடியிற் பாதி புள்ளியற்று நிற்கின்றது.

கோடை கழியும் வேளையிற் புள்ளியுள்ள கிளைத்துண்டை ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும். சீமெந்து வாங்குமுன் என்னிடம் ஒரு துண்டு கேளுங்கள்.