மூன்று ரன் பொய்

வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை உடனே நாலு பேருக்குத் தட்டிவிடும் பழக்கம் எனக்கில்லை. காரணம் 1975-ல் நான் சொன்ன ஒரு பொய்.

அப்போது பர்லியாரில் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில்தான் ரேடியோ இருந்தது. பலா மரத்தில் ஏரியல் கம்பி கட்டியிருந்தும் பாதி நேரம் இரைச்சல்தான் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தால் அதுவும் கேட்காது. வர்ணனை ஆங்கிலத்தில். குன்னூரில் படித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் ஓரளவு புரியும். கடையில் இருப்பவர்களுக்கு நான் தமிழில் சொல்வேன். பழத்தோட்டத்து வேலையாட்கள், பழக்கடைக்காரர்கள், லாரி டிரைவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பொங்கல் சமயம். சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுடன் டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் ஒருவரே ஏழு விக்கெட் எடுத்தார். மறுமுனையில் எல்லோரும் போய்க்கொண்டிருக்க, குண்டப்பா விஸ்வநாத் மட்டும் நின்றார். கடைசி ஆள் சந்திரசேகர் அவுட். இந்தியா 190. விஸ்வநாத் 97, நாட் அவுட்.

"கண்ணு, விசு நூறு அடிச்சுட்டானா?" என்று பழக்கடைத் தாத்தா கேட்டார். அத்தனை முகங்களையும் பார்த்தேன். "அடிச்சுட்டாருங்க" என்று சொல்லிவிட்டேன். கடையே கைதட்டியது. தாத்தா தன் செலவில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் பேப்பர் வந்தது. யாரோ உரக்கப் படித்தார்கள். நான் பெஞ்சின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். தாத்தா திட்டவில்லை. "ஏங்கண்ணு, தொண்ணூத்தேழுன்னு சொன்னா எனக்குக் கசக்குமா?" என்றார். அவ்வளவுதான்.

அந்த டெஸ்டில் இந்தியா சரியாக 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. தொடர் இரண்டுக்கு இரண்டு என்று சமமானது. நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். தாத்தா சிரித்துக்கொண்டே, "பேப்பர் வரட்டும்" என்றார். அது உண்மைச் செய்தி. ஆனாலும் நான் சொன்னதால் காத்திருந்தார்.

அந்த நாள் ரேடியோவை நினைத்து ஏங்குகிறவர்கள் அதன் குரலையும் இரைச்சலையும் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. சொன்னவனும் கேட்டவரும் மறுநாள் அதே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. பொய் சொன்னவன் முகம் காட்டியாக வேண்டும். இன்று ஒரு வதந்தியை அனுப்பிவிட்டு, அது தவறென்று தெரிந்ததும் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறோம். பிள்ளைகளைக் குறை சொல்கிறோமே, குடும்பக் குழுக்களில் இதை அதிகம் செய்வது நம் வயதுக்காரர்கள்தான் என்பது என் அனுபவம்.

கேட்கிறவர் மனம் நோகக்கூடாதென்று மூன்று ரன் கூட்டினாலும் பொய் பொய்தான். விஸ்வநாத்தின் அந்த 97-ஐ இன்றும் கொண்டாடுகிறார்கள். நான் கொடுத்த மூன்று ரன் அவருக்குத் தேவைப்படவில்லை.