கொண்டான் வேறு, கொன்றான் வேறு

மட்டக்களப்பில் முக்குவர் குலத்தார் திமிலர் குலத்தாரை முறியடித்த போர்க்களம் சத்துருக்கொண்டான்தான், இனி அதில் ஐயமே இல்லை, உடனே அங்கே நினைவுக்கல் நாட்ட வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை தீர்ப்பு வழங்கியிருக்கிறது. கட்டுரையாளருக்கு ஐயம் இல்லாதிருக்கலாம். வாசித்தவர்களுக்கு அதுதான் மிஞ்சியது.

அவரது முதல் ஆதாரம் ஊர்ப்பெயர்கள். இரு படைகளும் சந்தித்தது சந்திவெளி. சத்துருக்களைக் கொன்றது சத்துருக்கொண்டான். வென்றவர்கள் வந்து ஆறியது வந்தாறுமூலை. தோற்றவர்கள் ஓடியது வெருகலுக்கு அப்பால். மட்டக்களப்புப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதைதான். ஆனால் அதை வைத்துப் போர் வரைபடம் கீறப் புறப்பட்டவர் வாழைச்சேனை பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறியிருக்க வேண்டாமா? மட்டக்களப்பு நகரை விட்டு வடக்கே போனால் முதலில் வருவது சத்துருக்கொண்டான். பிறகு ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி. அதற்கும் பிறகுதான் சந்திவெளி. வெருகல் இன்னும் வெகுதூரம் வடக்கே. ஆக, படைகள் வடக்கே சந்தித்து, தெற்கே வந்து வெட்டிக்கொண்டு, வென்றவர்கள் மறுபடி வடக்கே போய் இளைப்பாறியிருக்கிறார்கள். அவர்கள் வழிமறித்து இளைப்பாறிக்கொண்டிருக்க, தோற்ற திமிலர் எந்தப் பக்கத்தால் வெருகலுக்குப் போனார்கள்? கடல்வழியாக என்றால் அதைச் சொல்லட்டும். அப்போது இந்த ஊர்ப்பெயர் வரிசைக்கே வேலையில்லை.

அடுத்தது பெயரின் பொருள். ‘கொல்’ என்றால் கொன்றான். ‘கொள்’ என்றால் கொண்டான். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார். ‘கொண்ட’ என்பது தமிழில் விருதுப்பெயராக வரும் சொல். கங்கைகொண்டசோழபுரத்தில் கங்கை ஓடவில்லை, கங்கைப் போரும் நடக்கவில்லை. முதலாம் இராசேந்திரனின் விருது ஊருக்குப் பெயராயிற்று. சத்துருக்கொண்டானும் அப்படி ஒருவனின் பட்டமாக இருக்கலாம் என்ற எண்ணமே இவருக்கு வரவில்லை.

பிறகு மூன்று நூல்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்: 1921இல் கனகரத்தினம் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட நூல், 1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, 1964இல் வந்த வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’. மூன்றும் நாம் மதிக்கும் நூல்கள். ஆனால் மூன்றுக்கும் அடிப்படை இந்தப் பிரதேசத்து ஏடுகளும் வாய்மொழியும்தான். ஒரே செய்தி மூன்று அச்சகம் ஏறி இறங்கினால் மூன்று சாட்சியாகிவிடாது.

அவர் வாயே திறக்காத இடம் ஒன்று உண்டு: திமிலைதீவு. திமிலரின் பெயரைச் சுமந்துகொண்டு, நகருக்கு மேற்கே வாவியின் அக்கரையில் இருக்கிறது. ஊர்ப்பெயர்தான் ஆதாரம் என்றால் அதையல்லவா முதலில் எடுத்திருக்க வேண்டும்? அவர் தேடுவது குதிரையும் காலாளும் அணிவகுக்கும் வெட்டவெளி. மோதியவர்களோ தோணியும் வலையுமாக வாழ்ந்த இரு கூட்டம். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டுகிடக்கும் வாவியில் அவர்கள் தண்ணீரிலேயே பொருதியிருந்தால், எந்த வெளியில் கல் நாட்டுவது?

இந்தக் கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்று அவர் கேட்கவேயில்லை. எங்கே நடந்தது என்பதில் கதை தடுமாறும். யார் வென்றார், யார் துணைவந்தார், யாருக்கு யார் பெண் கொடுத்தார் என்பதில் தடுமாறாது. துணைவந்த முஸ்லிம்களான பட்டாணியர் முக்குவப் பெண்களை மணந்து ஏறாவூரில் குடியேறியதாக அது சொல்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொள்ளும் மாவட்டம் இது. முக்குவரின் தாய்வழிச் சொத்துரிமை 1876இல் பிரிட்டோ நூலாக்கும் அளவுக்கு வேரோடியிருந்தது. அந்த மண்ணில் இக்கதை ஒரு காணி உறுதி போன்றது: உரிமையைச் சொல்லும், பாதை காட்டாது. ஏதோ ஒரு மோதல் நடந்திருக்கலாம் என்பதை நானும் மறுக்கவில்லை. அதற்கு இவர் ஏக்கர்க் கணக்கில் இடம் அளந்து கொடுப்பதைத்தான் மறுக்கிறேன்.

அவசரப்பட்டுக் கல் நாட்டியவர்கள் உலகில் உண்டு. கி.பி. 9இல் ரோமத் தளபதி வாருஸின் படைகள் அழிந்த இடம் தங்கள் ஊர்க் காடுதான் என்று நம்பி, ஜெர்மானியர் டெற்மோல்ட் அருகே 1875இல் மாபெரும் சிலை எழுப்பினார்கள். 1987இல் டோனி கிளன் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி உலோகம் கண்டறியும் கருவியுடன் தேடத் தொடங்கி, ரோம நாணயங்களையும் ஈயக் கவண்குண்டுகளையும் எடுத்தது வெகு தொலைவில், கல்கிறீசவில். மண்ணுக்குள்ளிருந்து இவ்வளவு வந்தும், அதுதான் அந்தக் களமா என்ற வாதம் முற்றாக ஓயவில்லை. அங்கே சிலையாவது காட்டுக்குள் நிற்கிறது. இங்கே கல் நாட்டினால், காணிப் பிணக்கு ஓயாத ஒரு மாவட்டத்தில், ‘எங்கள் முன்னோர் உங்களைத் துரத்திய இடம்’ என்று ஒருவர் மற்றவருக்குச் சுட்டிக்காட்டவே உதவும்.

ஆகவே கட்டுரையாளர் ஓர் ஈட்டிமுனையை, ஒரு புதைகுழியை, காலம் தெரிந்த ஒரு கல்வெட்டை, இவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்டட்டும். அதுவரை அவர் நாட்டச் சொல்வது எல்லைக்கல்தான். அதற்கு நினைவுக்கல் என்று பெயர் சூட்ட வேண்டாம்.