பின்னால் வரும் பாட்டரி

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் குடித்தனம் நடத்தும் ஒரு சகோதரியின் கடிதம் என் மேஜை மேல் இருக்கிறது. காரின் பின்னால் கூடார வண்டி ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு, கணவரும் இரண்டு குழந்தைகளுமாக நல்லார்பார் சமவெளி வழியே அடிலெய்டுக்குக் கிளம்பினார்களாம். மூன்றாம் நாள் காலையில் வண்டியிலிருந்த குளிர்ப்பெட்டியைத் திறந்தால், பால் திரிந்து கிடக்கிறது. குழம்புக்கு வைத்திருந்த மீன் நாறுகிறது. "பகலெல்லாம் கார் ஓடிற்றே, பாட்டரி ஏன் நிரம்பவில்லை? ஒயர் போட்ட கடைக்காரர் 'எல்லாம் சரி' என்கிறார். இவரோ, நான் பெட்டியை அடிக்கடி திறந்ததுதான் காரணம் என்கிறார். நீங்களே நியாயம் சொல்லுங்கள்" என்று முடிக்கிறார்.

சொல்லிவிடுகிறேன், அம்மா. குற்றவாளி நீங்கள் அல்ல, ஒயர்தான்!

காரில் ஒரு பாட்டரி, கூடார வண்டியில் ஒரு பாட்டரி. இரண்டையும் நிரப்புவது என்ஜினோடு சுழலும் ஆல்ட்டர்னேட்டர். அது சுமார் 14 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் உள்ள பாட்டரி அதன் பக்கத்திலேயே இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிடுகிறது. பின்னால் இருப்பதற்கு மின்சாரம் 6 மீட்டர் போய், 6 மீட்டர் திரும்ப வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து மெல்லிய குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லவே வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாட்டில் '6 எம்.எம். ஆட்டோ கேபிள்' என்று விற்கிறார்களே, அந்த 6 என்பது மேலுறையையும் சேர்த்து அளந்த பருமன். உள்ளே இருக்கும் செம்பு ஏறக்குறைய நாலரை சதுர மில்லிமீட்டர்தான். பாத்திரத்தோடு நிறுத்து நெய் விற்ற கதை! இந்த ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஈய பாட்டரி நன்றாக நிரம்ப 14.4 வோல்ட்டாவது வேண்டும். வந்து சேர்வதோ 13. கரண்ட் குறையக் குறைய இந்த நஷ்டமும் குறையும், வாஸ்தவம். ஆனால் அதற்குள் ஊர் வந்துவிடும். குளிர்ப்பெட்டியும் நடுவில் தன் பங்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

புதுக் கார்கள் பலவற்றில் இன்னொரு சங்கடம். முன் பாட்டரி நிரம்பியதும், பெட்ரோலை மிச்சப்படுத்த ஆல்ட்டர்னேட்டர் தானே வோல்ட்டைக் குறைத்துக்கொள்கிறது. பின்னால் ஒரு ஜீவன் பட்டினி கிடப்பது அதற்கு எப்படித் தெரியும்?

பரிகாரம் இருக்கிறது. டி.சி.–டி.சி. சார்ஜர் என்று ஒரு சிறு பெட்டி. குறைந்த வோல்ட்டை வாங்கி, பாட்டரிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்திக் கொடுக்கும். அதை என்ஜின் பக்கம் வைக்காமல் பின் பாட்டரியின் அருகே வைக்கச் சொல்லுங்கள். ஒயரும் 16 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். நஷ்டம் கால் வோல்ட்டோடு நின்றுவிடும். ஒயரின் இரு முனைகளிலும், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் அவசியம். செலவு என்று கணவர் முகம் சுளித்தால் வீணான மீனின் விலையை நினைவூட்டுங்கள்.

பின் பாட்டரி லித்தியமாக இருந்தால் இந்தப் பெட்டி இல்லாமல் ஆகவே ஆகாது. அது கரண்டை அள்ளி இழுக்கும் வேகத்தில் ஆல்ட்டர்னேட்டரே சூடேறிக் கெட்டுவிடலாம்.

என்ஜின் நின்றதும் முன் பாட்டரியைத் தனியே பிரித்துவிடும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பால் திரிந்தால் கறுப்புக் காப்பி குடிக்கலாம். இரவெல்லாம் குளிர்ப்பெட்டி இரண்டு பாட்டரியையும் காலி செய்துவிட்டு, காலையில் கார் கிளம்பாவிட்டால்? பலடோனியாவைத் தாண்டி, ஒரு வளைவுகூட இல்லாமல் 146 கிலோமீட்டர் நேராக ஓடுகிறதே அந்தச் சாலை, அங்கே குழந்தைகளை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது?

ஒரு கணக்கு மட்டும் மனத்தில் இருக்கட்டும். 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம்; மேலே போனால் அதன் ஆயுள் குறையும். குளிர்ப்பெட்டி சராசரி 2 ஆம்பியர் இழுத்தால் அந்தப் பாதி ஒரு நாளுக்கு வரும். அதைத் திரும்ப நிரப்ப 20 ஆம்பியர் சார்ஜருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பங்கு மெதுவாகத்தான் ஏறும். கடைக்குப் போய்வரும் அரை மணி ஓட்டம் காணாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவதானால் சூரியத் தகடு வேண்டும்.

பெட்டியை அடிக்கடி திறந்தால் செலவு கூடும் என்பதும் பொய்யல்ல, அது கொஞ்சம்தான்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வோல்ட் மீட்டர் வாங்குங்கள். என்ஜினை ஓடவிட்டு, குளிர்ப்பெட்டியையும் போட்டு, முன் பாட்டரியில் ஒரு தடவை, பின் பாட்டரியில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். கணவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.