தீவனத்தில் தூவும் மருந்தும் முற்றத்துக் கற்பூரவள்ளியும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று மீண்டும் காலூன்ற முயலும்போது முதலில் வாங்குவது பெரும்பாலும் நாலைந்து கோழிகளைத்தான். மாட்டுக்குப் புல் வேண்டும், பயிருக்கு நிலம் வேண்டும். கோழிக்குத் தறப்பாள் ஓரத்தில் ஒரு கூடு போதும். அந்தக் கோழியும் தூங்கி விழுந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? மருந்துக்கடையில் இரண்டு கப்சூல் வாங்கி, உடைத்துத் தண்ணீரில் கலப்பார். சுகப்பட்ட பின்னரும், “கொஞ்சம் கொடுத்தால் நல்லாய் வளரும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தீவனத்தில் தூவிக்கொண்டே இருப்பார்.

யாரோ சொன்னது முழுப் பொய்யல்ல. 1950 அளவில் அமெரிக்காவில், ஒரியோமைசின் மருந்து தயாரித்தபின் எஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது அவை விரைவாக வளர்ந்தன. அதன்பின் பல நாடுகளின் பண்ணைகள் இத்தகைய மருந்துகளைத் தினமும் சிறிதளவு தீவனத்தில் கலந்தன. ஆனால் சிறிதளவு மருந்து குடலிலுள்ள கிருமிகள் எல்லாவற்றையும் கொல்வதில்லை. தப்பியவை அம்மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகுகின்றன. எச்சத்தாலும் இறைச்சியாலும் கைகளாலும் அவை எமது பிள்ளைகளை வந்தடைகின்றன. பின்னர் பிள்ளையின் காயம் சீழ் கட்டினால், டொக்டர் தரும் அதே மருந்து கேளாமற் போகலாம். இதனாலேயே சுவீடன் 1986 இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 இலும் இப்பழக்கத்தைத் தடைசெய்தன. நோய் கண்ட கோழிக்கு மிருக வைத்தியர் சொல்லி மருந்து கொடுப்பது வேறு விடயம்.

அப்படியானால் மூலிகை உதவுமா? ஐரோப்பாவில் இம்மருந்துகளுக்குப் பதிலாகச் சேர்க்கப்படுபவற்றில் ஒன்று ஒறிகானோ என்னும் இலையின் எண்ணெய். அதிலுள்ள காவக்ரோல் என்ற பொருள் எமது முற்றத்துக் கற்பூரவள்ளியிலும் உண்டு. ஓமத்தில் தைமோல் உண்டு. உள்ளியும் மஞ்சளும் கிருமியை அடக்கும் குணமுள்ளவை. ஆயினும் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் கோழியின் எடை கூடியது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் இலையின் வீரியம் மாறுகிறது. ஆகவே முட்டை விற்ற காசை ‘மூலிகைச் சாறு’ என்று பெயரொட்டிய போத்தலுக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே எமது கருத்து. சில கற்பூரவள்ளி இலைகளையும் ஒரு பல் உள்ளியையும் அரிந்து தவிட்டில் பிசைந்து கொடுங்கள். செலவில்லை. வேப்பிலையை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். கசப்பால் கோழி தீன் எடுக்காது.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மருந்து கலந்த தீவனம் அதிக பலன் காட்டியது நெருக்கமும் அழுக்கும் நிறைந்த கூடுகளில்தான். சுத்தமான புதிய கூட்டில் பலன் சொற்பமே. டென்மார்க்கின் இறைச்சிக்கோழிப் பண்ணையாளர் 1998 இல் இதனை நிறுத்தியபோது, கோழிகள் முன்னரைவிடக் கூடுதலாகச் சாகவில்லை. ஆக, கப்சூலுக்கு முன் விளக்குமாற்றை எடுக்கவேண்டும். நனைந்த உமியை அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கழுவுங்கள். மலிவென்று பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை வாங்காதீர்கள். இருக்கவே இடமில்லாதபோது கோழிக்கு ஏது இடம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், பத்துக் கோழிக்கான கூடு என்றால் பத்தோடு நிறுத்துவதைத் தவிர எமக்கும் வேறு வழி தெரியவில்லை.

இராணிக்கெட் நோய்க்குக் கப்சூலும் உதவாது, கற்பூரவள்ளியும் உதவாது. அது வைரசு நோய். முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பதுதான் வழி. ஒரு போத்தல் நூறு கோழிக்குக் குறையாமற் காணும், கரைத்தால் சில மணித்தியாலத்துள் முடித்துவிட வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியே போனால் மிச்சம் வீண். அயலவர்கள் சேர்ந்து, இருக்கும் கோழிகளை எண்ணிக்கொண்டு, கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒரு நாளைக் குறித்து வாருங்கள்.